இரண்டாவது கழித்தல் குறி

சன்னல்கள் அடைத்திருந்தன, காற்று நுழைய வழியில்லை. ஆனாலும் மேசைக்கு மேலே நீண்ட கம்பியில் தொங்கிய விளக்கு, இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஃபெர்கஸ் டோலன் எழுந்து, அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். விட்டார். அது மூன்று விரற்கடை ஆடியது.

தென்கோளத்து ஹோபார்ட் நகரில் அது குளிர்காலம், ஜூலை மாத வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணி. அலுவலகத்தார் அனைவரும் மதுக்கடைக்குக் கிளம்பிவிட்டிருந்தனர். குளிரில் ஐந்தாம் மாடிக் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்து வெளுத்திருந்தது. கணப்பின் கருகிய தூசி வாசனையோடு, எதிர் மேசையில் டாம்சின் பாதி தின்றுவிட்டுப் போன கேக்கின் தேங்காய் மணமும் கலந்து வந்தது. அந்த மணம்கூட டோலனுக்குப் பிடிக்கவில்லை.

அணை மதகுகளைத் தானாக ஏற்றி இறக்கும் கணக்குகள் அடங்கிய மென்பொருள் நூலகத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பேணி வந்தவர் அவர். அதில் ஒரு கணக்கு மட்டும் அவ்வப்போது ‘தீர்வு இல்லை’ என்று பிழை காட்டி நின்றுவிடும். எத்தனையோ இரவுகள் முயன்றும் அவரால் அதைத் தீர்க்க முடியவில்லை. சேர்ந்து நான்கு மாதமே ஆன டாம்சின், திங்கட்கிழமை தேநீர் ஆறுவதற்குள் தீர்த்துவிட்டாள்.

“உள்ள ஒரு எலி கூடு கட்டியிருந்துச்சு டோலோ. பதினோரு வருஷமா நீங்கதான் அதுக்குச் சோறு போட்டிருக்கீங்க!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே தங்கி, முள்ளாகிவிட்டது.

புதன்கிழமை அவள் எழுதிய கணினி நிரலை வரிவரியாகப் படித்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்க அல்ல. இருக்க வேண்டும் என்ற ஆசையோடு. இருந்தது! நீர்மட்டம் ஏறியோ இறங்கியோ விலகினால், மதகு அதற்கு எதிராக அசைந்து சரிசெய்ய வேண்டும்; அந்த எதிர்ப்பைச் சொல்லும் கழித்தல் குறி கடைசி வரியில் இல்லை. அவரே அதைச் சேர்த்து, அனைவரும் காணும்படி குறிப்பும் எழுதினார்: ‘அடிப்படைக் குறியே விடுபட்டுள்ளது. இனியேனும் கவனம் தேவை.’ மறுநாள் நிரலின் தானியங்கிச் சோதனை, தவறு என்று சிவப்பு காட்டியது. சோதனையும் அவள் எழுதியதுதானே என்று அதை அணைத்து வைத்தார்.

இன்று நான்கு மணிக்கு, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அணையில் அந்த நிரலின் வெள்ளோட்டம். மதகுக்குக் கீழே, நீரையொட்டிய இரும்புப் பாலத்தில் நின்று டாம்சின் அளவெடுப்பாள்.

விளக்கு இப்போது ஒரு சாண் ஆடியது.

வெற்றியை மறுபடி சுவைக்க, டோலன் அந்த நிரலைத் திறந்தார். கடைசி வரி. அவருடைய குறி. அதற்கு மூன்று வரிக்கு மேலே, அடைப்புக்குறிகளின் நடுவே, சிறியதாக இன்னொரு கழித்தல் குறி.

அவள் முன்பே போட்டிருந்தாள்.

இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல். இனி மதகு பிழையை எதிர்க்காது, ஊட்டி வளர்க்கும்.

கை தொலைபேசியைத் தொட்டது, எடுக்கவில்லை. எடுத்தால் சொல்ல வேண்டும். சொன்னால் திங்கட்கிழமை மறுபடி சிரிப்பார்கள். முதலில் சிறிதாகத்தானே ஆடும்? அணையில் இருப்பவர்களே நிறுத்திவிடுவார்கள். அவள் கெட்டிக்காரி ஆயிற்றே.

நான்கு மணி. திரையில் மதகின் அசைவைக் காட்டும் கோடு லேசாக நெளிந்தது. தலைக்கு மேலே விளக்கின் ஒளி சுவரைத் தொட்டுத் திரும்பியது. கோடு உயர்ந்தது, தாழ்ந்தது, இன்னும் உயர்ந்தது. விளக்கும் அதே தாளத்தில் சென்று வந்தது. சுவர்க் குழாய்களுக்குள் நீர் முட்டும் ஓசை. ஒருமுறை. பிறகு பலமாக.

நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு அவளை அழைத்தார்.

“டோலோ!” நீரின் இரைச்சலுக்கு நடுவே அவள் கத்தினாள். “மதகு ஏறி ஏறி இறங்குது, நிறுத்த முடியல. குறி சரிதானே?”

“டாம்சின், நீ அத சரிபார்க்கலையா?”

“நீங்க போட்டதாச்சே! டோலோ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன்.”

“மேல ஏறு! பாலத்த விட்டு மேல ஏறிடு!”

அவருடைய குரலே திரும்பி வந்தது. மேல ஏறு. இன்னும் உரக்க. மேல ஏறு. அதைவிட உரக்க. சொல் கரைந்து, வெறும் ஊளையாகி, காதைக் கிழித்து, அறுந்தது.



திரையில் கோடு உச்சியைத் தொட்டு, அங்கேயே நின்றது. இறங்கவில்லை. டோலன் அண்ணாந்து பார்த்தார். விளக்கு கூரையோரம் போய்க் கிடைமட்டமாக நின்றது. இறங்கவில்லை.

சொட்டு.

டாம்சினின் நாற்காலியிலிருந்து. சொட்டு. அதனடியில் நீர் பரவி, கரிய ஈரத் தடமாகச் சன்னலை நோக்கி நகர்ந்தது.

ஈரம் படிந்த கண்ணாடியில் ஒரு கோடு தோன்றியது. கிடையாக. குட்டையாக. யாரோ விரலால் இழுத்ததுபோல.

கழித்தல்.

டோலன் பின்னால் நகர்ந்தார்.

கோட்டின் நடுவுக்குச் சற்று மேலே, கண்ணாடியில் ஒரு விரல்நுனி பதிந்தது. பிறகு மெதுவாக, மிகக் கவனமாக, கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது.