திரும்பாத ஒரு தலை

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் தையல் மாஸ்டர் மூச்சிரைக்க நுழைந்தார். கழுத்தில் அளவுநாடா. அடியை மடித்துவிட்ட பேன்ட்டில், மடிப்பு நிறைய வழக்கம்போல் நூல்துணுக்குகள்.

"அக்கா, கல்யாணப் பொண்ணு மோதிரத்தைக் காணோம்! அளவு கொடுக்கறப்போ கழட்டி வெட்டுற மேஜையில வச்சுச்சு."

தெருவில் காணாமல் போவதையெல்லாம் கண்டுபிடித்துத் தருபவர் அந்தக் கடைக்கார அக்கா. அவர் அவசரப்படவே மாட்டார். அதற்கென்றே அவருடைய கொழுந்தன் இருந்தார்.

"யாருன்னு சொல்லுங்க, அமுக்கிடலாம்!"

"என் கடையில துணிக்குப் பூவேலை பண்றாளே, காது கேட்காத பொண்ணு, அவதான். பின்னாடி கத்திரிப்பெட்டி தடால்னு விழுந்துச்சு. எல்லாரும் பதறித் திரும்பினோம், மேஜை என் முட்டியில இடிச்சதுதான் மிச்சம். அப்புறம் பார்த்தா மோதிரம் இல்ல. 'எங்க?'ன்னு கைகாட்டிக் கேட்டேன். நேரா என் காலைத் தொட வந்தா! தப்பு செய்யாதவ ஏன் கால்ல விழறா? நாளையிலிருந்து வராதேன்னுட்டேன்."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வாங்க, போகலாம்."

தையல் கடையில் பூவேலைக்காரி அழுதுகொண்டே தன் ஊசிகளைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளை உட்காரவைத்து, ஒரு ஊசிமுனையை மட்டும் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். தம் கைகளை அவளுக்கு இரண்டு பக்கமும் தள்ளி நீட்டி, ஏதாவதொரு சுண்டுவிரலை அசைத்தார். பார்வையை நகர்த்தாமலே அவள் அசைந்த பக்கத்தை ஒவ்வொரு தடவையும் சரியாகக் காட்டினாள்.

அடுத்து கொழுந்தன். ஆறில் நாலு தப்பு.

"அண்ணி, நீங்க அசைக்கவே இல்ல!"

"அசைச்சேன் தம்பி. பிறந்ததிலிருந்தே காது கேட்காதவங்களுக்கு, மூளையில சத்தத்துக்குன்னு இருக்கிற இடம் சும்மா தூங்காது. பார்வை வேலையில கொஞ்சத்தை எடுத்துக்கும். ஓரத்துல ஏதாவது அசைஞ்சா அவங்க கவனம் சட்டுன்னு பிடிச்சுக்கும்."

"அதனால?" என்றார் மாஸ்டர்.

"சத்தம் கேட்டு எல்லாத் தலையும் திரும்புச்சு. இவ தலை மட்டும் திரும்பல. உங்க முட்டி மேஜையை இடிச்சதும் மோதிரம் உருண்டதை இவ ஒருத்திதான் பார்த்தா. எங்கன்னு கேட்டீங்க, இடத்தைக் காட்டினா. நீங்க அதை மன்னிப்புன்னு நினைச்சுட்டீங்க."

"எழுதிக் காட்டக்கூட விடலையே இவரு!" என்றாள் அங்கேயே காத்திருந்த கல்யாணப் பெண்.

மாஸ்டர் மெல்லக் குனிந்து பேன்ட் மடிப்பை உதறினார். நூல் விழுந்தது. ஒரு பொத்தான் விழுந்தது. அப்புறம், மின்னிக்கொண்டே மோதிரம்.

"அகப்பட்டான் திருடன்!" என்று கொழுந்தன் மாஸ்டரின் தோளை அமுக்க, அழுதவளும் சிரித்துவிட்டாள்.

மோதிரத்தை மேஜையில் வைத்த மாஸ்டரின் முகம் சிவந்திருந்தது. "அக்கா, 'மன்னிச்சுக்கோ, நாளைக்கும் வாம்மா'ன்னு கையால எப்படிக் காட்டறது?"

அக்கா செய்து காட்டினார். மாஸ்டர் இரண்டு கைகளையும் உற்சாகமாக வீச, கத்திரிப்பெட்டி மறுபடியும் தடால்!

எல்லாத் தலைகளும் திரும்பின. விளிம்புக்கு உருண்டோடிய மோதிரத்தை, குனிந்து ஊசிகளை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, தலையைத் தூக்காமலே கையை நீட்டிப் பிடித்தாள்.