வியாழக்கிழமை முந்நூறு

பழங்காநத்தத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்தது கருத்தக்கண்ணனின் துப்பறியும் அலுவலகம். போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவசரம் அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அவர் பங்குக்கும் சேர்த்து உதவியாளர் சத்யப்ரியா அவசரப்படுவாள்.

புதன்கிழமை காலை, காஜிமார் தெருவிலிருந்து பக்ருன்னிசா தன் மகள் சபிஹாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, இவளுக்கு எட்டு வயசுலேருந்து டைப் ஒன் சுகர். இன்சுலின் ஊசிதான் உசுரு. மத்த நாளெல்லாம் ஒழுங்கா இருக்கு. மூணு மாசமா வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் முந்நூறுக்கு மேல எகிறுது. எவரோ திருட்டுத்தனமா இனிப்பு குடுக்குறாக. யாருன்னு கண்டுபிடிங்க.”

“நான் எதையுமே திங்கல,” என்றாள் சபிஹா. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

ஒத்தக்கடைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை விடுதியில் சேர வேண்டும். போன வியாழன் மயங்கி விழுந்ததால், திருட்டுத்தீனி பிடிபடும்வரை அனுப்பமாட்டேன் என்று பக்ருன்னிசா ஒற்றைக்காலில் நின்றார்.

கருத்தக்கண்ணன் சபிஹாவின் குறிப்பேட்டைப் புரட்டினார். போன வியாழன் ஆறரை மணிக்கு 318, கூடுதல் ஊசி. எட்டு மணிக்கு 54. சத்யப்ரியா சர்க்கரை பார்க்கும் மெஷினின் பையைத் திறந்தாள். உள்ளே திரிந்த எறும்பைச் சுண்டிவிட்டு, விரலில் துளைபோடும் பேனாவையும் ஸ்பிரிட் பஞ்சையும் எடுத்து வைத்தாள்.

“மூணு மாசத்துக்கு முந்தி வீட்டுல என்னம்மா மாறுச்சு?” என்று கேட்டார் அவர்.

“ஒண்ணும் மாறலியே. எனக்குக் கைவலி வந்துச்சு. வியாழக்கிழமை பாத்திஹா ஓதி அக்கம்பக்கத்துக்குக் குடுக்குற பேரீச்சம்பழத்துல கொட்டை எடுக்குறது இப்ப இவதான். அதையும் எண்ணிப் பாத்துட்டேன். பழமும் கொட்டையும் சரியாத்தான் இருக்கு!”

மகளையே உளவு பார்த்த தாய்! சத்யப்ரியாவுக்குச் சபிஹாமேல் பாவமாக இருந்தது.

அவர்கள் போனதும், “அண்ணன்காரன் ஆசிப்தான் சார். தங்கச்சி மேல பாசம், ஜாங்கிரி வாங்கிக் குடுத்திருப்பாரு,” என்று சத்யப்ரியா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

“நாளைக்குப் போய்ப் பாப்போம்,” என்றார் அவர்.

வியாழன் மாலை காஜிமார் தெரு வீட்டில் எல்லோரும் கூடினார்கள். ஆசிப் வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தான். சபிஹா கடைசிப் பழத்தின் கொட்டையை எடுத்துப் பொட்டலம் கட்டினாள். வழக்கம்போல் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, துளைபோட்டுச் சொட்டு ரத்தம் வைத்தாள். 309.

“பாத்தீகளா!” பக்ருன்னிசா மகனை முறைத்தார்.

“ஊசி போடாதம்மா. சோப்பு போட்டுக் கையை நல்லாக் கழுவி, தொடச்சுட்டு, இன்னொரு தடவை பாரு,” என்றார் கருத்தக்கண்ணன்.

சபிஹா கழுவிவிட்டு வந்தாள். 126.

ஆசிப்புக்குத்தான் முதலில் மூச்சு வந்தது.

“நெசமாவே முந்நூறு இருந்திருந்தா, அந்த ஊசி வழக்கம்போல நூத்திச் சொச்சத்துல கொண்டாந்து விட்டிருக்கும். அம்பத்திநாலுக்கு ஏன் விழணும்? இல்லாத சர்க்கரைக்குல்ல ஊசி போட்டிருக்கு!” என்றார் அவர். “இனிப்பு வயித்துல இல்ல, விரல்ல. பழப்பிசுக்கு ஸ்பிரிட்டுல முழுசாப் போகாது. நான் காலமெல்லாம் விரல் அழுக்கையே பாத்தவன். மெஷின் பைக்குள்ள எறும்புக்கு என்ன வேலை? அதைச் சத்யப்ரியாதான் கண்டுபிடிச்சா. சுண்டியும் விட்டுட்டா.”

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

“இதை டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க,” என்றார் அவர் சபிஹாவிடம். அவள் தலையாட்டினாள், கண் கலங்கியிருந்தது. “மூணு மாசமா என்னைய பொய்க்காரின்னீங்களேம்மா.”

பக்ருன்னிசா பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு பழத்தை மகளிடம் நீட்டினார்.

“கணக்குப் போட்டு ஊசி போட்டுக்க. என் கையாலயே தின்னும்மா. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்கு நானே கொண்டுபோய் விடுறேன். பையில நாலு சோப்பு வச்சு விடுறேன்.”

சபிஹா சிரித்துக்கொண்டே அம்மாவின் கையிலிருந்து பழத்தைக் கவ்விக்கொண்டாள். அவள் விரலில் பிசுக்கு ஒட்டவில்லை.