பேரைச் சொல்லவில்லையே!

அவளுக்கு வகுப்பில் ‘ரேடியோ’ என்று பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

புதன்கிழமை கடைசிப் பாடவேளையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். கையில் பந்து இருப்பவர் மட்டும் பேசலாம். விருப்பமில்லை என்றால் பந்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். வட்டத்தில் சொன்னது வெளியே போகக் கூடாது. இது டீச்சர் போட்ட சட்டம்.

அன்று பந்து நெட்டையனிடம் வந்தது. வகுப்பிலேயே உயரமானவன். ரேடியோவுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நண்பன்.

“இடி இடிச்சா எனக்குப் பயம். கட்டிலுக்கு அடியில படுத்துக்குவேன். கால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்,” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பள்ளி வேனில் பெரிய வகுப்பு அக்கா கேட்டாள்: “என்னடி ரேடியோ, இன்னைக்கு என்ன செய்தி?”

“எங்க வகுப்புல ஒருத்தன் இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவானாம்!”

“யாருடி அது?”

“ஐயோ, பேரைச் சொல்லக் கூடாது. கொடிக்கம்பம் மாதிரி இருப்பான். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

மறுநாள் நெட்டையன் படியேறும்போது யாரோ “டமார்!” என்று கத்தினார்கள். படியெல்லாம் ஒரே சிரிப்பு.

“யாரு வெளிய சொல்லியிருப்பாங்க?” ரேடியோவிடமே வந்து கேட்டான்.

“தெ... தெரியலையே,” என்றாள்.

அடுத்த புதன்கிழமை நெட்டையன் பேசாமல் பந்தைத் தள்ளினான். அடுத்தவளும் தள்ளினாள். அதற்கடுத்தவனும் தள்ளினான். பந்து மட்டும் ஓசையில்லாமல் ஊர்வலம் வந்து ரேடியோவின் மடியில் நின்றது.

“நான்தான் வேன்ல சொன்னேன். பேரைத்தான் சொல்லலை, ஆளைச் சொல்லிட்டேன். நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன்.” நெட்டையனைப் பார்த்துச் சொன்னாள்.

மணி அடித்ததும் அவன் எழுந்து போய்விட்டான்.

வேனில் அக்கா, “இன்னைக்கு என்ன செய்தி?” என்றாள்.

“ரேடியோ ரிப்பேர், அக்கா. அவனைப் பார்த்து ‘டமார்’னு கத்தாதீங்க. தப்பு என்னோடது.”

அந்த வாரம் முழுவதும் நெட்டையன் அவளிடம் பேசவில்லை. சொல்லித்தர ஆளில்லாமல் அவள் கணக்கு நோட்டில் சிவப்பு மை கூடியது. அவன் பேசாதது வலித்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

மறு புதன்கிழமை பந்து அவனிடம் வந்தது. இந்த முறை அவன் தள்ளவில்லை.

“எனக்கு இவ மேல கோவம் இன்னும் போகலை. வேற யாராவது சொல்லியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது,” என்றான்.

பந்து அடுத்தவளிடம் போனது. அவள் அதைத் தள்ளாமல் மெதுவாகப் பேசத் தொடங்கினாள்.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டு வாங்கியும் நிம்மதியாக மூச்சுவிட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.