போதும் என்று சொன்னது யார்?

குண்டூசியின் அப்பா ஒரு பேய். மாதச் சம்பளம் வாங்குகிற பேய்.

பொழுதுபோக்குப் பூங்காவின் கடைசி மூலையில் ‘இருட்டு மாளிகை’ என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் மூன்று அறைகள். மூன்றாவது அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் சுவரில் ஒரு பிளவு. அதற்குள் ஒரு துடைப்பத்தை வேண்டுமானால் சொருகி வைக்கலாம், மனிதர் நுழைய முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதிலிருந்துதான் அப்பா வருவார். முதலில் விரல்கள். பிறகு வெள்ளைக் கை. பிறகு முழு உருவம். கொஞ்சமும் சத்தம் இருக்காது. பெரிய பெரிய ஆட்களே அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

குண்டூசி என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். “நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாதான் அந்தப் பேர் சரியா வரும். குண்டு நான், ஊசி நீ” என்று சொல்லிச் சிரிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அப்பா பிளவில் மாட்டிக்கொண்டார். பாதிப் பேய் வெளியே, பாதிப் பேய் உள்ளே. அங்கி ‘டர்ர்’ என்று கிழிந்தது. வேடிக்கை பார்த்த ஒரு வாண்டு கிட்டே வந்து, “பேய் மாமா, பிடிச்சு இழுக்கட்டுமா?” என்று கேட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. “பெரிய லீவுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள உடம்பைக் குறைங்க. இல்லேன்னா பேய்க்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீங்க வாசல்ல சீட்டு கிழிங்க” என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குப் பேயாக இருப்பதுதான் பிடிக்கும். டாக்டரிடம் போனார். பொரித்தது வேண்டாம், இனிப்பு வேண்டாம், காய்கறி நிறைய, இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளவே கூடாது என்றார் டாக்டர். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஆனால் வீட்டில் சமைப்பது அப்பா இல்லையே! அம்மா ஆலையில் வேலை முடிந்து வர நேரமாகும். சமையலறை முழுவதும் அத்தையின் ராஜ்யம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா.

“போதும்க்கா” என்பார் அப்பா. அத்தை இன்னொரு கரண்டி போடுவார்.

“ஐயோ, போதும், போதும்!” உடனே இன்னும் இரண்டு கரண்டி விழும். ஒரு ‘போதும்’ சொன்னால் ஒரு கரண்டி.

அன்று அப்பா தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டார். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் தம்பி? உப்பு கூடிடுச்சா? நல்லா இல்லையா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லக்கா.” அப்பா கையை எடுத்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுக் குனிந்தால் தட்டு மறுபடி நிறைந்திருந்தது. அத்தை போட்டதை யாரும் பார்க்கவில்லை. குண்டூசிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் மாளிகைக்குப் போனாள். சுவருக்குப் பின்னால் ஒடுக்கமான நடை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அங்கே அப்பா மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை எக்கி, பிளவில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை.

“அத்தைகிட்ட சொல்லிடலாமேப்பா.”

“என்னன்னு சொல்றது? உன் சமையலால என் வேலை போகப்போகுதுன்னா? அக்கா மனசு ஒடிஞ்சிடும்மா.”

அப்பா மறுபடி மூச்சை அடக்கினார். குண்டூசியும் சேர்ந்து அடக்கினாள். இருந்தாலும் யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக, மிக அருகில்.

“அப்பா, அது யாரு?”

“காத்தும்மா. பழைய கட்டடம்ல” என்றார் அப்பா. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே குண்டூசி ஒரு முடிவுக்கு வந்தாள். அத்தை அந்தப் பிளவைப் பார்த்ததே இல்லை. இருட்டென்றால் அவருக்குப் பயம். பூங்காவில் தம்பிக்கு ஏதோ வேலை என்பதோடு சரி. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கே புரியும்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஆனாலும் பிளவில் நுழைந்து பழக வேண்டும் என்று அப்பா காலையிலேயே கிளம்பியிருந்தார். பள்ளியும் அன்று அரைநாள்தான். வீட்டுக்கு வந்தால், அப்பாவின் சாப்பாட்டு அடுக்கு மேசை மேலேயே இருந்தது.

“மறந்துட்டுப் போயிட்டான் பாரு” என்று அத்தை புலம்பினார்.

“வாங்க அத்தை, ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வரலாம்.”

வாசல் காவலாளி, “அப்பா உள்ளதான் இருப்பாரு, போங்க” என்றார்.

மாளிகையில் மின்சாரம் இல்லை. கூரை ஓட்டை வழியாக வந்த வெளிச்சம்தான். அத்தை குண்டூசியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் அறையில் துணி வௌவால்கள் தொங்கின. இரண்டாவது அறையில் மின்சாரத்தில் ஆடும் நாற்காலி ஒன்று உண்டு. அது மின்சாரம் இல்லாமலே மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குண்டூசி அதைப் பார்த்தாள். அத்தையிடம் சொல்லவில்லை.

மூன்றாவது அறைக்குள் காலை வைத்தார்கள்.

“போதும்…”

சுவருக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். ரொம்ப நாளாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குரல்.

“யாரது? தம்பியா?” என்றார் அத்தை.

“போதும்… போதும்…”

பிளவிலிருந்து விரல்கள் வந்தன. பிறகு வெள்ளைக் கை. முழங்கை வரை வந்து, அப்படியே நீட்டியபடி நின்றது. அப்பாவின் விரல்கள் எப்போது இவ்வளவு ஒல்லியாயின என்று குண்டூசி யோசித்தாள்.

அத்தைக்குப் பயம்தான். ஆனால் யாராவது கை நீட்டினால் அவருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அடுக்கைத் திறந்து ஒரு துண்டு கேக்கை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

“போதும்” என்றது குரல்.

அத்தை பழக்கதோஷத்தில் இன்னொரு துண்டு வைத்தார்.

கை மெதுவாகத் திரும்பியது. இரண்டு துண்டுகளையும் அடுக்கின் மூடி மேல் பத்திரமாக வைத்தது. அத்தையின் விரல்களை ஒருமுறை தொட்டது. ஐஸ் போல ஜில்லென்று இருந்தது.

அத்தை அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு, “நிஜமாவே போதுமா?” என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

கை உள்ளே போய்விட்டது.

குண்டூசி அத்தையைப் பிளவின் அருகே கூட்டிப் போனாள். “அத்தை, இங்க பேயா வர்றது அப்பாதான். இதுக்குள்ள நுழைஞ்சு வரணும். முடியலேன்னா பேய் வேலை போயிடும்.”

அத்தை பிளவின் அகலத்தைச் சாண் வைத்து அளந்து பார்த்தார். ஒரு சாணும் கொஞ்சமும்தான். “என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான். அப்பாவுக்கு உங்க சமையல் ரொம்பப் பிடிக்கும் அத்தை. போதும்னா பிடிக்கலன்னு அர்த்தமில்ல. போதும்னா போதும், அவ்வளவுதான்.”

அத்தை அவள் தலையைக் கோதிவிட்டார். கண் கலங்கியிருந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். எதிரே பூங்கா வாசலிலிருந்து வேர்த்து விறுவிறுத்து அப்பா வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பை. பைக்குள் வெள்ளை அங்கி.

“என்னக்கா, நீங்க எங்க இங்க? நான் காலையிலேர்ந்து தையல்காரர் கடையிலதான் இருந்தேன். கிழிசலைத் தைச்சு வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு!”

அத்தை குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி அத்தையைப் பார்த்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல, “போதும்க்கா” என்றார். கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு பாத்திரத்துக்கே திரும்பிப் போனது. அப்பா தட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் அத்தை குண்டூசியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேகவைத்த காய்கறியை வாய்க்கு ருசியாக எப்படிச் செய்வது என்று சமையலறையில் ஒரு போரே நடந்தது. ஜெயித்தது அத்தைதான்.

பெரிய லீவின் முதல் நாள். மூன்றாவது அறையில் நிற்க இடமில்லை. பிளவிலிருந்து விரல்கள் வந்தன, கை வந்தது, தோள் வந்தது, தண்ணீர் வழிவதுபோல முழு அப்பாவும் வந்தார். எழுந்த அலறல் பூங்கா வாசல்வரை கேட்டது. போன தடவை இழுக்க வந்த அதே வாண்டு இந்தத் தடவை முதலாளியின் மேல் ஏறிக்கொண்டது. குண்டூசி மட்டும் கைதட்டினாள்.

அத்தை அன்று இரண்டு டப்பாக்கள் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று சின்ன டப்பா. அதில் அன்று போலவே இரண்டு துண்டு கேக். “பிளவுக்குப் பக்கத்துல வெச்சுடு. கை நீட்டினவங்களை வெறுங்கையோட அனுப்பிட்டோம்” என்று குண்டூசியின் காதோடு சொல்லியிருந்தார்.

சாயங்காலம் குண்டூசி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். டப்பா ஜில்லென்று இருந்தது. அத்தை திறந்து பார்த்தார். ஒரு துண்டைக் காணோம். இன்னொரு துண்டு மூலையில் பத்திரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

“போதுமாம்” என்றாள் குண்டூசி.

“சரி, போதும்னா போதும்” என்று அத்தை டப்பாவை மூடினார்.