தோள் மாற்றும் கல்

படகில் போனவர்கள்:
1. முன்னால், கோதை.
2. நடுவில் சாப்பாட்டு மூட்டையோடு, வஹாப்.
3. பின்னால் துடுப்பைத் திருப்பும் இடத்தில், சந்துரு.

எதை எழுதினாலும் யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்று வரிசை எண் போட்டுத்தான் கோதை ஆரம்பிப்பாள். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். சந்துருவின் பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு மையை உறிஞ்சும் தாளைத் தேடினாள். திரும்பிப் பார்த்தபோது, அடுத்த வரியில் 4 என்று இருந்தது. அவள் கையெழுத்துதான். மை இன்னும் காயவில்லை.

அழுத்தி அடித்தாள். தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ரங்கராஜன் கேட்டிருந்தது சின்ன விஷயம். டிசம்பரில் பன்னிரண்டு பேரோடு, கோதை இருக்கும் புனேவுக்கு வருகிறார். அணைத் தண்ணீரில் படகு ஓட்டி, நடுவிலுள்ள மேட்டைப் படகோடு தாண்டி, அடுத்த ஏரியில் இறங்க வேண்டும். மேட்டுக்கு இரண்டு வழி. எதில் போவது? "நீ ஒரு தடவை போய்ப் பார்த்து விவரமாக எழுது." அதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சந்துருவையும், அவன் சிநேகிதன் வஹாபையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கரையேறிய இடத்தில் ஓர் எருமைக்காரர் உட்கார்ந்திருந்தார். தார்ரோட்டைச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர், குறுக்கே ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை. சொல்லிவிட்டு மராத்தியில் இன்னும் ஏதோ முணுமுணுத்தார். புனே கேம்ப் கடைத்தெருவில் பைக்கடை வைத்திருக்கும் வஹாபுக்கு அந்த மராத்தி புரிந்தது.

"குறுக்கு வழி அந்தப் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போற பாதையாம்க்கா. பாதியில விசாவான்னு ஒரு கல்லு இருக்காம். பாடையை அதுல இறக்கி வச்சு, முன்னால தூக்கினவங்க பின்னால போய், தோள் மாத்திட்டுப் போவாங்களாம். நம்ம அதுல எதையும் இறக்க வேணாம்ங்கிறார்."

"நாம என்ன பொணமா தூக்கிட்டுப் போறோம்? படகுடா. ஆறு கிலோமீட்டர் எவன் நடக்கிறது?" என்றாள் கோதை.

"அக்கா சொன்னா அப்பீல் கிடையாது" என்று சிரித்தான் சந்துரு.

படகைக் கவிழ்த்து, மூவரும் அதற்குள் தலையை விட்டு, குறுக்குச் சட்டங்களைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். அப்படித் தூக்கினால் வெளியுலகம் தெரியாது; காலடி மண்ணும், முன்னால் போகிறவரின் பாதமும் மட்டும்தான் தெரியும். மழை விட்ட மத்தியான நேரத்து மூடுபனி புல்லின் மேல் ஈரத் துணிபோலப் படுத்திருந்தது, படகின் உள்வயிற்றில் அவர்கள் மூச்சே திரும்பி வந்து முகத்தில் மோதியது, எங்கோ எருமை மணி ஒன்று விட்டுவிட்டுக் கேட்டு மெல்ல நின்றுபோனது. பாதி தூரத்தில் வஹாபுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இறக்கினார்கள். மட்டமான இடம் அது ஒன்றுதான். தட்டையான கருங்கல், ஓரங்களில் பாடைமேல் தூவி, மழை கழுவியும் போகாத குலால் பொடியின் சிவப்பு.

எங்கே இறக்கினாலும் இடம் மாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். சந்துரு முன்னால் போனான். கோதை பின்னால் வந்தாள். கல்லைச் சுற்றி நடந்து மாறும்போதுதான், எருமைக்காரர் சொன்ன கல் இது என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் சந்துரு, "ஏக், தோ, தீன்!" என்று சொல்லிவிட்டான்.

படகு கனத்தது.

"என்னக்கா, கல்லையும் சேர்த்துத் தூக்கிட்டோமா?" என்றான் சந்துரு.

பத்தடி நடந்திருப்பார்கள். அழுகின சாமந்தி வாடை படகுக்குள் நிறைந்தது. கோதை கீழே பார்த்தாள். முன்னால், தூரத்தில், சந்துருவின் கான்வாஸ் ஷூ. அதற்குப் பின்னால் வஹாபின் நீல ரப்பர் செருப்பு. அதற்கும் பின்னால், அவளுக்கு ஒரு முழம் முன்னால், இன்னும் இரண்டு பாதங்கள்.

வெறும் பாதங்கள். கட்டை விரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது.

அவை நடக்கவில்லை. தரையைத் தொடவே இல்லை. தொங்கின. படகோடு சேர்ந்து மெல்ல ஆடின.

தலையை நிமிர்த்தினால் அதன் தலை நேர் எதிரே இருக்கும்.

நிமிர்த்தவில்லை.

"அக்கா, நீங்க விடுற மூச்சு என் கழுத்துல படுது. சில்லுன்னு இருக்கு" என்றான் வஹாப்.

அவள் மூச்சே விடவில்லை.

"இறக்கிடலாமாக்கா? மறுபடி மாத்திக்கலாம்" என்றான் சந்துரு.

"மாத்தக் கூடாது. பேசாம நட." மாற்றினால் அந்தப் பாதங்களுக்குப் பின்னால் வருவது அவன். "நான் கூட்டிட்டு வந்த வழி. நடடா!"

அடுத்த ஏரியின் தண்ணீர் வந்தது. படகை நிமிர்த்தினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. பையன்கள் இருவரும் தோளை உதறி, "அப்பாடா, பாரம் விட்டுது" என்றார்கள்.

கோதையின் வலது தோளில் விடவில்லை. இரண்டு நாளாகியும்.

தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். 'அண்ணா, குறுக்கு வழி வேண்டாம்' என்று எழுதினாள். தோளில் பாரம் ஏறியது. 'அதில் ஒரு கல் இருக்கிறது.' இன்னும் ஏறியது. நாற்காலி கிறீச்சிட்டது. இதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். இருபத்துநாலு தோள். கடிதம் போகக் கூடாது என்று அழுத்துகிறது. அழுத்தட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'தார்ரோட்டு வழியே வாருங்கள். ஆறு கிலோமீட்டர். கால் வலிக்கும், அவ்வளவுதான்.'

பசை தடவி உறையை ஒட்டினாள். வாசலில் சந்துரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா ஒரு பக்கமா சாஞ்சே நிக்கிற? தோள் வலியா? குடு, நான் போட்டுட்டு வரேன்." கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

காதருகே ஏதோ ஆவலோடு மூச்சை இழுத்தது.

"தொடாதே. தள்ளி நில்லு."

"என்னக்கா, லெட்டர்தானே?"

"என் லெட்டர். நானே போட்டுக்கறேன்."

கோர்படி ரயில்வே காலனி மதிலோரம் தபால் பெட்டி. நாலரை மணி வெயில் முதுகில் அடித்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து, கால் இழுக்க, போய்ச் சேர்ந்தாள்.

"இறக்க மாட்டேன்" என்றாள், வாய்விட்டு. "யார் தோளுக்கும் மாத்த மாட்டேன். என்னோடயே கிட."

வெள்ளையடித்த மதிலில் அவள் நிழல் விழுந்தது. வலது தோளிலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. விரல்கள் சேர்த்துக் கட்டினபடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவற்றுக்கு மேலே, நிழலின் தலைக்குப் பக்கத்தில், இன்னொரு தலை மெதுவாக நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பியது.

கோதை உறையைப் பெட்டிக்குள் போட்டாள்.