அடைத்த குழல்

மூன்று நாள் வெயிலில் காயவைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் மேஜையில் வைத்ததுமே அந்தத் துப்பாக்கி பதிவேட்டின் ஓரத்தை நனைத்தது.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வேதாசலம் தன் பிஸ்டலைக் கொண்டுவந்திருந்தார். கூடவே, பழைய துண்டில் சுற்றி, இதையும்.

"நூறு நாள் வேலையில, ஏரியில சேறு வாரசொல்ல பாஞ்சாலி மம்முட்டில மாட்டிச்சு தம்பி. நெசமா பொம்மையா, தெர்ல. எலெக்சன் நேரம், நமக்கு இன்னாத்துக்கு வம்பு? ஆமா, பொம்மைக்கும் ரசீது குடுப்பீங்களா?"

"குடுப்போம்," என்றார் ஏட்டு ஐசக். "தீவாளிக்கு வந்து வாங்கிக்கினு போங்க, பொட்டு வெடி போட்டே தரேன். டேய் ஆல்வின், ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாத்து எழுது. எது சுடும், எது சுடாதுன்னு தெளிவா இருக்கணும்."

இருவரும் டீக்கடைக்குப் போனார்கள்.

கான்ஸ்டபிள் ஆல்வின் நகரவில்லை. பித்தளைப் பூண். வெள்ளைக்காரன் காலத்து மாதிரி வளைந்த மரப்பிடி. அதில் பல்லி வால் போல ஒரு கீறல். காஞ்சிபுரம் பொருட்காட்சியில் அவன் வாங்கியது. எட்டு மாதத்துக்கு முன் அவனே ஏரியில் எறிந்தது.

மின்சாரம் போயிருந்தது. நின்றுபோன விசிறிக்குக் கீழே துப்பாக்கி எண்ணெயும் பழைய காகிதமும் கலந்த வாசனை கனத்துக் கிடக்க, ஜன்னலுக்கு வெளியே பறிமுதல் செய்த பைக்குகள் மேல் புளிய இலைகள் உதிரும் சத்தம்கூட அவனுக்குக் கேட்டது.

முதலில் பிஸ்டலை எடுத்தான். மேகசினைக் கழற்றினான். ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே பார்த்தான். காலி. மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கலாம் என்பது பயிற்சியின் முதல் பாடம். காலித் துப்பாக்கியைக்கூட ஆள் பக்கம் நீட்டக் கூடாது என்பது இரண்டாவது. பொம்மைக்குப் பாடம் எதுவும் இல்லை.

அதனால்தான் எட்டு மாதத்துக்கு முன் மனைவி ஷீபாவின் மேல் அதை நீட்டினான். மொட்டைமாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட சண்டை தீரவில்லை. அவள் பயப்படுவதை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றிருந்தது. பயந்தாள். ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி. கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை.

"சும்மா வெளயாட்டுக்குத்தான்டி," என்றான், அவள் இல்லாத இடத்தைப் பார்த்து.

கால் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். கல்லறையில் அவனைத் தாங்கிப் பிடித்து அழுதவர் ஐசக்.

எழுதினான். 'பழைய பாணிப் பொம்மைத் துப்பாக்கி. குழல் காரீயத்தால் அடைக்கப்பட்டது. சுடாது.' அடுத்து, உரியவர் பெயர். பேனா நின்றது. பிறகு எழுதினான்: 'தெரியவில்லை.'

அந்தச் சொல்லின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்தான். மேஜையில் கிடந்த குழல் அவனைப் பார்த்திருந்தது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். பதிவேட்டைத் துடைத்தான். குழல் மறுபடி அவனைப் பார்த்திருந்தது.

எழுந்தான். சோப்புத் தூள் வாசனை. வெயிலில் காய்ந்த துணி படபடக்கும் சத்தம். அறையில் துணி இல்லை. காற்று இல்லை.

பொம்மை மேஜையை விட்டு எழும்பியது. நெஞ்சு உயரத்துக்கு. பிடித்த கை இல்லை. வளையல் மட்டும் சிணுங்கியது.

ஓரடி பின்னால் வைத்தான்.

வாசலில் ஐசக் சிரிப்பது கேட்டது. கத்தலாம். 'அது என்னுது ஏட்டையா' என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். கல்லறையில் அழுத ஐசக்கின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

இன்னோர் அடி.

காதருகே, மெல்ல: "சும்மா வெளயாட்டுக்குத்தாங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் இரும்பு பீரோ இருக்க வேண்டும். சுவர் இருக்க வேண்டும்.

பிடரியில் வெயில் சுட்டது. குதிகாலுக்குக் கீழே தரை இல்லை.