படுக்கையறை மட்டும் வேண்டாம்

கூடத்துத் தரையில் விழுந்திருந்த வெயில் நகரவே இல்லை. மேஸ்திரி சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபோது அது மேஜைக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தூக்கம் போட்டு, கழுத்து பிடித்துக்கொண்டு, வாயோரம் எச்சிலைத் துடைத்தபடி எழுந்தபோதும் அது அதே காலைத் தொட்டபடி, ஒட்டி வைத்த காகிதம் மாதிரி அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம்தான் தூங்கியிருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டான். அசதியில் இருப்பவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

அவன் கொத்து வேலை பார்ப்பவன் அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் வரும் வீடு, தெரு, மாடிப்படி எல்லாம் கட்டுவது அவன் தொழில். ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் ஊர் ஊராக எழுப்புகிறானே என்று ஆபீசில் வைத்த பேர்தான் மேஸ்திரி. இரண்டு வருஷமாக அவர்கள் உருவாக்கிய விளையாட்டு அன்று காலையில்தான் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வெளியாகியிருந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். எங்கெங்கிருந்தோ வந்து சேரும் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள், ஒருவர் தேடுவார். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்த வீடு அவன் வீடு. ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்க ஒரு வீடு அவசரமாகத் தேவைப்பட்டது. யோசிக்கச் சோம்பல்பட்டு, டேப்பை எடுத்துத் தன் வீட்டையே மூலைமுடுக்கு விடாமல் அளந்து கட்டிவிட்டான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். பிறகு என்பதை நம்பி மோசம் போகிறவர்கள்தான் அந்தத் தொழிலில் பாதிப் பேர். ஆடிப் பார்த்தவர்களுக்கு வீடு பிடித்துப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

அவன் மனைவி ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி நாள் இரவு டூட்டி, பகலெல்லாம் அந்த அறையில்தான் தூக்கம்.

"கண்டவனும் வந்து என் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கணுமா? கூடம், சமையலறை எல்லாம் என்னவோ பண்ணிக்குங்க. படுக்கையறை மட்டும் வேண்டாம், சொல்லிட்டேன்."

நியாயம்தான் என்று அவனும் அந்த அறையைக் கட்டவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவரை நேராக இழுத்துவிட்டான்.

முகம் கழுவப் போனான். சோப்பில் வாசனை இல்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தான், கையில் தேய்த்து மறுபடி முகர்ந்தான், ஒன்றுமில்லை. சமையலறையில் வெங்காயக் கூடை, காலையில் டூட்டி முடிந்து வந்து, படுக்கப் போகுமுன் அவள் வைத்த பால் பாத்திரம், அழுக்குத் துணி போட்ட வாளி, எதிலும் வாசனை இல்லை. சளி பிடித்திருக்கும் என்று முனகினான். மூக்கு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கூடத்தில் காலடி கேட்டது. மொழுமொழுவென்ற தரையில் ரப்பர் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம், கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடி, பிறகு நின்ற இடத்திலேயே தொப், தொப், தொப் என்று குதிக்கிற சத்தம். முதல் முறையாக ஒரு விளையாட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல், நின்ற இடத்தில் குதித்துப் பார்ப்பார்கள். எட்டிப் பார்த்தான். கூடம் காலியாக இருந்தது. வெயில் அங்கேயே கிடந்தது. அது விளையாட்டுக்காக அவன் பூசிய வெயில். விளையாட்டுக்குள் நேரம் ஓடாது என்பதால் நகராத வெயிலாகப் பூசியிருந்தான்.

சமையலறை அலமாரி அவன் முதுகுக்குப் பின்னால் திறந்தது, மூடியது, திறந்தது.

அவளை எழுப்ப ஓடினான். படுக்கையறைக் கதவு இல்லை. சுவர் இருந்தது. அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மங்கல் பச்சை, ஒரு கீறல் இல்லாமல், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. உள்ளங்கையால் தடவினான். குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது.

"ஏங்க, கதவை ஏன் வெளியில பூட்டினீங்க?"

"பூட்டலம்மா. நீ... நீ எங்க இருக்கே?"

"இதென்ன கேள்வி? படுத்த இடத்துலதான்." குரல் கொஞ்சம் தடுமாறியது. "ஆனா கட்டிலைக் காணோம். ஜன்னலும் காணோம். கரண்ட் போச்சா? கால் எதுலயும் படல. ஏங்க, எனக்குக் கீழ ஒண்ணுமே இல்லைங்க."

எத்தனையோ பேர் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். குரல் உயர்த்தாதவள். அந்தக் குரல் நடுங்கியது அவனைக் கொன்றுவிட்டது.

வாசலுக்கு ஓடினான். கைப்பிடி திரும்பவில்லை. கதவும் நிலையும் கைப்பிடியும் ஒரே வார்ப்பாக இருந்தன. வெளியே எதையும் கட்டாததால் திறக்காத கதவாக வைத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே தெருவோ எதிர்வீடோ இல்லை, நீலம் மட்டும் இருந்தது.

சட்டைப்பையில் போன் இருந்தது, நல்லவேளை வேலை செய்தது. விளையாட்டு ஓடும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் அக்காவைக் கூப்பிட்டான்.

"என்ன மேஸ்திரி, தூங்கலையா? உன் வீட்டுக்குள்ள கூட்டம் தாங்கல. உலகமே வந்து நிக்குது!"

"அக்கா, விளையாட்டை நிறுத்துங்க. உடனே."

"விளையாடறியா? முதலாளி கேக் வெட்டிக்கிட்டு இருக்காரு. புதுசா எதையாவது சேர்க்கணும்னா அனுப்பு, ஏத்திடறேன். வேணும்னா அந்த வீட்டையே தூக்கிட்டு வேற வைக்கட்டுமா?"

"தூக்காதீங்க!" அவன் போட்ட சத்தத்தில் கூடத்துக் காலடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. "தூக்காதீங்கக்கா. நாங்க உள்ள இருக்கோம்."

"என்ன உளறுறே?"

"ஒரு அறை சேர்த்து அனுப்புறேன். வந்ததும் ஏத்திடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

மேஜை மேலிருந்த லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்து, அந்தப் பச்சைச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தான். காலடிகள் அவனை நோக்கி வந்தன. சோபா மெத்தை யாரோ ஏறி நின்றது போல அமுங்கியது, எழும்பியது. அவனுக்கு முன்னால் ஏதோ ஒன்று குந்தி எழுந்தது, குந்தி எழுந்தது. விளையாட்டுக்குள் பேச முடியாதவர்கள் வணக்கம் சொல்லும் விதம் அது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டான்.

அளவெல்லாம் மனப்பாடம்தான், அவள் படுத்துத் தூங்கும் அறை அல்லவா. நான்கு சுவர் எழுப்பினான்.

"சுவர் வந்துருச்சு," என்றாள் உள்ளேயிருந்து. "கையில படுது."

"பயப்படாதே. இப்ப வந்துடறேன்."

ஜன்னல் வைத்தான். கட்டில் போட்டான். அலமாரியை நிறுத்தினான்.

"கட்டில் இருக்குங்க. ஆனா அதுல உக்கார முடியல. நான் அதுக்குள்ள போயிடறேன். ஏங்க, என்னைத்தான் காணோம்."

பதறிப்போய் அடுத்த வேலையைச் செய்தான். எந்த அறை கட்டினாலும் அந்தத் தொழிலில் செய்கிற வேலைதான், பழகிய கை தானாகச் செய்தது. கதவு உயரம், கட்டில் உயரம் சரியா என்று பார்க்க, அறை நடுவே ஒரு அளவுப் பொம்மையை நிறுத்துவார்கள். சாம்பல் நிறம். ஆள் உயரம். முகம் கிடையாது, முடி கிடையாது, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி நிற்கும். அளவு சரிபார்த்ததும் அழித்துவிட வேண்டும்.

பொம்மை அறை நடுவில் வந்து நின்றது.

"அப்பாடா," என்றாள் அவள். நீளமாக மூச்சு விட்டாள். "கால் தரையில பட்டுடுச்சுங்க. இப்பதான் நிக்கிறேன்."

அவன் பொம்மையைத் தொட்டான். அழிக்கும் பொத்தான் மேல் விரல் போனது.

"ஏங்க. ஏங்க, மூச்சு..."

விரலை எடுத்தான். மூச்சு திரும்பி வந்தது, விக்கலும் அழுகையுமாக.

மறுபடி விரலை வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அழித்தால் அவள் இல்லை. அழிக்காவிட்டால்? அதை யோசிக்க அவன் தயாராக இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ முறை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன், இதையும் விட்டான். பொம்மையோடு அறையை அனுப்பினான்.

காத்திருந்தான். காலடிகளும் காத்திருந்தன. அவனைச் சுற்றி. மிக அருகில்.

போன் அதிர்ந்தது. 'ஏத்தியாச்சு' என்று சர்வர் அக்கா.

முதுகுக்குப் பின்னால் சுவர் நெகிழ்ந்தது. திரும்பினான். கதவு. அவர்கள் வீட்டுக் கதவு. அவள் கோபத்தில் சாத்திச் சாத்திக் கழன்ற தாழ்ப்பாள்கூட அப்படியே.

திறந்தான்.

அறை நிறைய வெயில். ஜன்னல். கட்டில். அலமாரி. எல்லாம் அவன் வைத்தபடி.

நடுவில் அது நின்றது. சாம்பல் நிறம். கைகள் விரிந்தபடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழுமழுவென்று வெறும் உருண்டை.

"வந்துட்டீங்களா?"

அந்த உருண்டைக்குள்ளிருந்து அவள் குரல்.

"லைட்டைப் போடுங்களேன். ஒண்ணுமே தெரியல. கையை வேற இறக்க முடியல. வலிக்குதுங்க."

அவனால் கத்த முடியவில்லை. ஓட வாசலும் இல்லை. விரிந்த அந்தக் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது. அவள் கைதான். கீழே இறக்கப் பார்த்தான். அசையவில்லை.

"யாருங்க அது? உங்ககூட யாரு?"

அவன் இரு பக்கமும் காலடிகள் உள்ளே நுழைந்தன. புது அறையைக் கண்ட குஷி. அலமாரி திறந்தது. கட்டில் அமுங்கியது. இன்னும் வந்தன. உலகமெங்கிலுமிருந்து, ஓயாமல், வந்துகொண்டே இருந்தன. பிறகு எல்லாம் அவளைக் கண்டுபிடித்தன.

சுற்றி நின்றன.

தொப். தொப். தொப்.

"ஏங்க," என்றாள் அவள், முகமில்லாத தலையை மெல்ல அவன் பக்கம் திருப்பி, "யாரு குதிக்கிறாங்க?"